சரணடைந்தது யார்? ஜப்பான் 1945 பற்றிய நூல்களை மீள வாசித்தல்

என் உம்மம்மா கிண்ணியாவில் பிறந்து கிண்ணியாவிலேயே மௌத்தானவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவவுக்குப் பத்து வயதளவில் இருக்கும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்த புகையைக் கடலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அந்த யுத்தம் எப்படி முடிந்தது என்று கேட்டால் அவவிடம் இரண்டே வசனத்தில் பதில் இருந்தது. “யப்பான்காரன் இஞ்ச வந்து குண்டு போட்டான் மனே. பொறகு வெள்ளக்காரன் அவன்ட ஊரில பெரிய குண்டு போட்டான், அவன் பயந்து கையத் தூக்கிட்டான்.”

நான் படித்த பாடநூலும் இதைத்தான் சொன்னது. பிறகு வரலாற்று ஆசிரியராகி இருபது வருடத்துக்கு மேல் நானும் இதையே படிப்பித்தேன். ஒருநாள் பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “சேர், டோக்கியோவில ஒரே ராவில லட்சம் பேர் செத்தும் சரணடையாத ஆக்கள், ஹிரோஷிமாவுக்கு மட்டும் ஏன் சரணடைஞ்சாங்க?” முந்திய பாடத்தில் டோக்கியோத் தீக்குண்டுத் தாக்குதலைப் பற்றிச் சொன்னதே நான்தான். அந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை; அவளுக்குத் தோன்றியது. அன்று நான் ஏதோ மழுப்பிவிட்டு மணியடித்ததும் வெளியே வந்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்தவற்றைப் பற்றியதே இக்கட்டுரை. யுத்தத்தில் ஒரு தேசத்தைச் சரணடைய வைப்பது எது என்று எண்பது வருடமாக நடக்கும் விவாதத்தில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. அந்தக் கேள்வியே சரியாகக் கேட்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

முதற் கதையும் அதன் மறுப்பும்

அணுகுண்டுதான் யுத்தத்தை முடித்தது என்ற விளக்கத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் அமெரிக்க யுத்தச் செயலாளராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன். 1947 பெப்ரவரியில் ‘ஹார்ப்பர்ஸ்’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, குண்டு போட்டதைப் பற்றி அமெரிக்காவிலேயே எழத் தொடங்கிய விமர்சனங்களுக்குப் பதிலாக வந்தது. ஜப்பான் மீது படையிறக்கியிருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சம் பேர் வரை மடிந்தோ காயப்பட்டோ இருப்பார்கள், குண்டு அதைத் தவிர்த்தது என்பது அதன் வாதம். எழுதியவர் சாட்சியும் அவரே, பிரதிவாதியும் அவரே என்பதை வாசகர் மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கட்டுரைதான் உலகெங்கும் பாடநூலானது. கிண்ணியாவில் என் உம்மம்மா வாயிலும் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் அதற்கு ஒரு வருடம் முன்னரே, 1946இல், அமெரிக்க அரசு நியமித்த வான்தாக்குதல் மதிப்பீட்டுக் குழு வேறொன்றைச் சொல்லியிருந்தது. அணுகுண்டு போடாமலும், ருஷ்யா யுத்தத்துக்கு வராமலும், படையிறக்காமலும் இருந்திருந்தால்கூட 1945 முடிவதற்குள் ஜப்பான் பணிந்திருக்கும் என்பது அதன் முடிவு. இதையும் அப்படியே விழுங்கத் தேவையில்லை. வான்தாக்குதலின் பலனை அளக்க நியமிக்கப்பட்ட குழு, வான்தாக்குதல் பலனளித்தது என்று கண்டுபிடித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1965இல் கார் அல்பெரோவிட்ஸ் எழுதிய நூல் விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. குண்டின் உண்மையான இலக்கு டோக்கியோ அல்ல, மொஸ்கோ. யுத்தத்துக்குப் பின்னரான உலகில் ஸ்டாலினை அடக்கி வைக்கவே அது போடப்பட்டது என்றார் அவர். வியட்நாம் யுத்தம் கொழுந்துவிட்ட காலத்து அமெரிக்க இளைஞர்களுக்கு இந்த வாதம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் இந்நூலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. வாஷிங்டனில் யார் என்ன நினைத்தார்கள் என்று துருவித் துருவிப் பார்க்கும் அல்பெரோவிட்ஸ், டோக்கியோவில் யார் என்ன நினைத்தார்கள் என்பதில் அந்த அளவு சிரத்தை காட்டவில்லை. சரணடைந்தவனை விட்டுவிட்டுச் சரணடைய வைத்தவனை மட்டும் விசாரிப்பதால் எப்படி விடை கிடைக்கும்?

ஹசெகாவாவும் அவரது எதிர்வாதிகளும்

அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் சுயோஷி ஹசெகாவா. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அவர், ருஷ்ய வரலாற்றில் துறைபோனவர். 2005இல் வெளிவந்த ‘எதிரியை முந்துதல்’ என்று பொருள்படும் தலைப்பிலான அவரது நூல் ஆங்கில, ஜப்பானிய, ருஷ்ய மூலங்கள் மூன்றையும் சேர்த்து வாசிக்கிறது. அதன் முடிவு: ஜப்பானியத் தலைவர்களைப் பணிய வைத்ததில் ஹிரோஷிமாவைவிட சோவியத் படையெடுப்புக்கே பெரிய பங்கு.

அவர் காட்டும் காரணம் வலுவானது. 1945 கோடையில் ஜப்பானிய அரசு மொஸ்கோவை மத்தியஸ்தம் செய்ய வைத்து, முழுமையாகப் பணியாமல் தப்பலாம் என்று நம்பியிருந்தது. 1941இல் செய்துகொண்ட நடுநிலை ஒப்பந்தத்தை நீடிக்கப் போவதில்லை என்று சோவியத் ஏப்ரலிலேயே அறிவித்த பிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை. மொஸ்கோவில் இருந்த தூதுவர் சட்டோ, இது வீண் நம்பிக்கை என்று ஜூலையில் தந்திமேல் தந்தி அடித்தார். யாரும் கேட்கவில்லை. ஓகஸ்ட் 9 நள்ளிரவு கடந்ததும் பதினைந்து லட்சம் சோவியத் படையினர் மஞ்சூரியாவுக்குள் புகுந்தார்கள். கடைசிக் கதவு அடைபட்டது. ஹிரோஷிமா அழிந்த பிறகும் அந்தக் கதவு திறந்திருப்பதாக நினைத்தவர்கள், மஞ்சூரியாவுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இதுதான் ஹசெகாவாவின் வாதத்தின் சாரம்.

எதிர்ப்பக்கத்தில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஜப்பானிய வரலாற்றாசிரியர் சடாவோ அசாடா 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், குண்டின் அதிர்ச்சியே சமாதானம் நாடியவர்களுக்கு வாய்ப்பைத் திறந்தது என்கிறார். சோவியத் படை வருமுன்னரே, ஓகஸ்ட் 8ஆம் திகதி, வெளிநாட்டமைச்சர் தோகோவிடம் யுத்தத்தை விரைவாக முடிக்க வேண்டுமென்று பேரரசர் கூறிவிட்டார் என்பது இந்தத் தரப்பின் பலமான சான்று. ரிச்சர்ட் பிராங்க் 1999இல் எழுதிய நூல், அமெரிக்கர் இரகசியமாக இடைமறித்து வாசித்த ஜப்பானியத் தந்திகளை நிரைப்படுத்துகிறது. அமெரிக்கா ஏற்கக்கூடிய எந்த நிபந்தனையையும் ஜப்பான் குண்டுக்கு முன்னர் முன்வைக்கவே இல்லை, மாறாக கியூஷு தீவில் படையைக் குவித்துக்கொண்டிருந்தது என்று அவர் நிறுவுகிறார். ‘ஜப்பான் எப்பவோ பணியத் தயாராக இருந்தது’ என்று சுலபமாகச் சொல்லித் திரிகிறவர்கள் பிராங்கைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். நானும் சில காலம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

இரு தரப்பையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது ஒரு விசயம் பிடிபடுகிறது. இரண்டுமே தராசு பிடிக்கின்றன. ஒரு தட்டில் குண்டு, மறு தட்டில் ருஷ்யா. முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் சண்டை. ஆனால் ஹிரோஷிமாவுக்கும் மஞ்சூரியாவுக்கும் இடையில் மூன்று நாள்தான். மஞ்சூரியாவுக்கும் நாகசாகிக்கும் இடையில் சில மணித்தியாலங்கள்தான். அவ்வளவு நெருக்கமாக விழுந்த அடிகளில் எந்த அடிக்கு மனிதன் விழுந்தான் என்று பிரித்தளக்க முடியுமா? ஹசெகாவா தன் நூலின் இறுதியில் ‘இது நடக்காமல் இருந்திருந்தால்’ என்று பல கற்பனை நிலைமைகளை எடுத்துப் பரிசோதிக்கிறார். சுவையான பக்கங்கள்தான். ஆனால் அவை ஆதாரமாகா. தராசை விட்டுவிட்டு, அது யாருடைய கையில் இருந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

அந்த அறையில் இருந்த ஆறு பேர்

1945 ஓகஸ்ட் 9 காலை பத்தரை மணியளவில் யுத்த வழிநடத்தல் உச்ச சபை டோக்கியோவில் கூடியது. ஆறு பேர்: பிரதமர் சுசுகி, வெளிநாட்டமைச்சர் தோகோ, யுத்த அமைச்சர் அனாமி, கடற்படை அமைச்சர் யொனாய், தரைப்படைத் தளபதி உமெசு, கடற்படைத் தளபதி தொயோடா. ஹிரோஷிமா அழிந்து மூன்று நாள். சோவியத் படை உள்ளே வந்துவிட்டது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நாகசாகிச் செய்தியும் வந்து சேர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு அந்த ஆறு பேரும் எப்படிப் பிரிந்தார்கள் தெரியுமா? மூன்றுக்கு மூன்று.

பொட்ஸ்டாம் பிரகடனத்தை ஏற்பதா இல்லையா என்பதல்ல பிளவு. எத்தனை நிபந்தனையோடு ஏற்பது என்பதுதான். சுசுகி, தோகோ, யொனாய் மூவரும் ஒரே நிபந்தனை போதும் என்றார்கள்: பேரரசரின் ஆசனம் காக்கப்பட வேண்டும். மற்ற மூவரும் மேலும் மூன்றைச் சேர்த்தார்கள்: ஆயுதங்களைத் தாங்களே களைவது, யுத்தக் குற்றங்களைத் தாங்களே விசாரிப்பது, அந்நியப் படை நாட்டில் தங்காதிருப்பது அல்லது குறைந்தளவில் தங்குவது. நாகசாகியில் எரிந்துகொண்டிருந்தவர்களைப் பற்றிய நிபந்தனை எந்தப் பட்டியலிலும் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விடயம் ஆசனம்.

அன்றிரவு பேரரசர் முன்னிலையில் கூடிய கூட்டத்தில், அதிகாலை இரண்டு மணியளவில், அவர் தோகோவின் பக்கம் முடிவு சொன்னார். பேரரசரை மையமாகக் கொண்ட அரசமைப்பை ஜப்பானியர் ‘கொகுதாய்’ என்பர். ஓகஸ்ட் 9இலிருந்து 14 வரை கடிதங்களும் கூட்டங்களும் அந்தச் சொல்லையே சுற்றி வந்தன. 1946இல் பேரரசர் தன் உதவியாளர்களிடம் சொன்ன நினைவுகள் 1990இல் அச்சில் வந்தன. பகைவர் இசே விரிகுடாவில் இறங்கினால் இசே, அத்சுதா ஆலயங்கள் அவர்கள் கையில் சிக்கிவிடும், அரச வம்சத்தின் புனிதச் சின்னங்களைப் பாதுகாக்க முடியாது போய்விடும் என்ற அச்சத்தை அதில் அவரே சொல்கிறார்.

இன்னும் இரண்டு சாட்சியங்கள். 1945 பெப்ரவரி 14ஆம் திகதி, முன்னாள் பிரதமர் கொனோயே பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். தோல்வி நிச்சயம், ஆனால் தோல்வியைவிடப் பயப்பட வேண்டியது அதைத் தொடர்ந்து வரக்கூடிய கம்யூனிஸப் புரட்சிதான் என்பது அதன் சாரம். மற்றது, ஓகஸ்ட் 12ஆம் திகதி கடற்படை அமைச்சர் யொனாய் சொன்னது. அணுகுண்டும் சோவியத் வருகையும் ஒருவகையில் வானம் தந்த கொடை என்றார் அவர். ஏனென்றால், உள்நாட்டு நிலைமை தாங்காமல்தான் யுத்தத்தை நிறுத்துகிறோம் என்று இனி வெளியே சொல்ல வேண்டியதில்லை. இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நகரங்கள் சாம்பலான ஒரு வாரத்துக்குள் ஓர் அமைச்சரின் வாயில் ‘கொடை’ என்ற சொல் வருகிறது. அவர் கெட்டவரல்ல, ஆறு பேரில் சமாதானத்தை விரும்பியவர்களில் ஒருவர். அதுதான் இன்னும் உறைக்கிறது.

ஆக, என் மாணவியின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தபோது அது சரணடையக் காரணமாகவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட நகரங்கள் எரிந்தபோதும் ஆகவில்லை. ஒகினாவாவில் குடிமக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மடிந்தபோதும் ஆகவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பது அந்த அறையின் கணக்கில் முதலிடத்தில் இருக்கவில்லை. ஆசனம் தப்புமா தப்பாதா என்பதே கணக்கு. குண்டும் ருஷ்யாவும் அந்தக் கணக்கை மாற்றியதால்தான் முடிவு மாறியது.

இரண்டு பிரகடனங்கள்

சரணடைந்தவர்கள் தாங்கள் ஏன் சரணடைந்தோம் என்று சொன்னார்களா? சொன்னார்கள், இரண்டு விதமாக. ஓகஸ்ட் 15 நண்பகல் வானொலியில் ஒலித்த பேரரசரின் பிரகடனம் மக்களுக்கானது. சரணடைதல் என்ற சொல்லே இல்லாத அந்த உரை, எதிரி கையாண்ட புதிய கொடிய குண்டைக் காரணமாகக் காட்டுகிறது. சோவியத்தைப் பெயர் சொல்லிக் காரணம் காட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, ஓகஸ்ட் 17இல், படையினருக்கு வேறொரு பிரகடனம் விடுக்கப்பட்டது. அதில் சோவியத் வருகை இருக்கிறது; குண்டு இல்லை.

குண்டுக் கட்சியினர் முதலாவதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ருஷ்யக் கட்சியினர் இரண்டாவதை. இலக்கிய வாசகனாகிய எனக்கு இரண்டும் ஒரே எழுத்தாகத்தான் தெரிகின்றன. கேட்கிறவன் யார் என்று பார்த்து எழுதப்பட்டவை. விஞ்ஞானத்தால் தோற்றோம் என்று மக்களுக்குச் சொன்னால் தலைவர்களின் பிழை மறைகிறது. மஞ்சூரியாவிலும் சீனாவிலும் ஆயுதத்தோடு நிற்கிற படையினனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அவன் குண்டைக் காணவில்லை, ருஷ்யனைத்தான் காண்கிறான். இரண்டிலும் சொல்லாமல் விடப்பட்டது, ‘பிழை எங்களுடையது’ என்ற ஒன்றுதான். இவற்றைக் காரணத்துக்கான சான்றாக எடுப்பதைவிட, காரணம் எப்படி மறைக்கப்பட்டது என்பதற்கான சான்றாக எடுப்பதே பொருத்தம்.

கணக்கில் வராதவர்கள்

அந்த அறைக்கு வெளியே ஜப்பானியர் மட்டும் இருக்கவில்லை. 1945 கோடையில் ஜாவாவில் கட்டாய உழைப்புக்குப் பிடிக்கப்பட்ட முஸ்லிம் கிராமத்தவர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தார்கள். சீனாவிலும் வியட்நாமிலும் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆசனத்துக்கு உத்தரவாதம் தேடி டோக்கியோ கடத்திய ஒவ்வொரு மாதத்துக்கும் இவர்களும் விலை கொடுத்தார்கள். பிராங்க் போன்ற சிலர் இதைச் சுட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் விவாதத்தின் நடுவே இன்னும் அமெரிக்க உயிரும் ஜப்பானிய உயிருமே இருக்கின்றன.

வாஷிங்டனும் சுத்தமல்ல. இப்போதைய வம்சத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட முடியாட்சி தொடரலாம் என்ற உறுதிமொழி பொட்ஸ்டாம் பிரகடனத்தின் வரைவில் இருந்தது. ஸ்டிம்சனே அதை விரும்பினார். ஜூலை 26இல் வெளியானபோது அது நீக்கப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்த பிறகு பேரரசர் என்னவோ ஆசனத்தில்தான் இருந்தார். அந்த வரி நீக்கப்படாதிருந்தால் அனாமி போன்றோர் பணிந்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பிராங்கை வாசித்த பின் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஜூலையில் சொல்ல மறுத்ததை ஓகஸ்டுக்குப் பிறகு செய்து காட்டினார்கள். இடையில் இரண்டு நகரங்கள் போயின.

நகரங்களின்மீது குண்டு போடுகிறவர்கள் இன்றும் சொல்லும் நியாயம் என் உம்மம்மாவின் இரண்டாவது வசனம்தான்: போதுமான அளவு அடித்தால் ஒரு தேசம் கையைத் தூக்கும். ஜப்பானை உதாரணம் காட்டுவார்கள். அந்த உதாரணம் அவர்கள் சொல்வதைச் சொல்லவில்லை என்பதே என் வாசிப்பின் முடிவு. தேசம் சரணடைவதில்லை. தேசத்தின் பெயரில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்ற சிலர், தங்கள் ஆசனத்துக்கு ஆபத்து வரும்போது சரணடைகிறார்கள். குண்டு விழுவது மற்றவர்கள்மீது.

உம்மம்மா மௌத்தாவதற்கு முந்திய வருடம் விளையாட்டாகக் கேட்டேன். “இஞ்ச குண்டு விழக்குள்ள வெள்ளக்காரனிட்ட, போதும், சண்டைய உட்டுட்டுப் போ எண்டு நீங்க ஆரும் சொல்லலியா உம்மம்மா?”

அவ வெற்றிலையை மடித்தபடி சொன்னா: “எங்களிட்ட ஆரு மனே கேட்டது?”

மேலே சொன்ன நூல்களையெல்லாம் நான் மதிக்கிறேன்; எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் அவற்றை வாசிக்க வேண்டும். ஆனால் வாசிக்கும்போது இந்தக் கேள்வியையும் கூட வைத்துக்கொள்ளட்டும். இப்போது அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும்போது, ஜப்பான் ஏன் சரணடைந்தது என்று நான் தொடங்குவதில்லை. யார் சரணடைந்தார்கள், யாரிடம் கேட்டார்கள் என்று தொடங்குகிறேன். பரீட்சைக்கு இது உதவாது என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.